மந்தாரம் போட்டால் பூச்சி வருமா?

கேள்வி: 9 நவம்பர் 2023

"அண்ணே, மந்தாரம் போட்டால் பூச்சி வருகிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து பார்த்தது இது. இந்தத் தடவையும் ஒரு வாரமாக வெயிலே இல்லை, 70 நாள் மிளகாய் அப்படியே சுருட்டிக்கொண்டது. மேகம் கூடுவதற்கு முன்னாலேயே மருந்து அடித்துவிட்டால் தப்பிக்கலாம் இல்லையா? எந்த வானிலைக்கு எந்த மருந்து என்று ஓர் அட்டவணை போட்டுத் தாருங்கள். உங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் என்ன செய்கிறீர்கள்?"

9 நவம்பர், இரவு

அட்டவணை கிடையாது தம்பி. இருந்திருந்தால் போன வருடம் நான் தக்காளியை மாட்டுக்குப் போட்டிருக்க மாட்டேன்.

மேகத்திலிருந்து பூச்சி இறங்குவதில்லை. உன் செடியில் அது ஏற்கனவே இருந்தது. இந்த அக்டோபர் எப்படிப் போனது என்று நினைத்துப் பார். மழைக்காலம் என்று பெயர், என் மழைமானியில் மாதம் முழுக்கச் சேர்த்து 41 மில்லிமீட்டர். வெயிலும் வறட்சியும் இலைப்பேனுக்கு அல்வா மாதிரி. அப்போதே ஏறியிருக்கும். சுருட்டல் கண்ணில் படும்போது மேல மந்தாரம் நின்றிருக்கும், பழி அதன் தலையில்.

இலைப்பேன் என்றால் ஒரு நல்ல மழை அடித்தால் போய்விடும். பொறு.

10 நவம்பர், காலை

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். ராத்திரி நான் எழுதியதில் பாதியை அழித்துவிடுங்கள்.

இலை கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறது. காம்பு நீண்டு எலிவால் மாதிரி தொங்குகிறது. இது பேன் வேலை இல்லை, மஞ்சள் சிலந்தி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணி. பேன் கடித்தால் இலை ஓரம் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி ஆகும். சிலந்தி கடித்தால் கவிழ்த்த படகு. இரண்டையும் சேர்த்து "சுருட்டை" என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், கடைக்காரரும் ஒரே டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார். அங்கேதான் பணம் போகிறது.

இதில் தம்பியின் அப்பாவுக்கு நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். பேன் வறட்சியில் பெருகும். மஞ்சள் சிலந்திக்குக் கதகதப்பும் ஈரக்காற்றும் வேண்டும். அதாவது மந்தாரம் போட்டு, புழுக்கமாக, மழை பெய்யாமல் நிற்கிற நாள்கள். அவர் பார்த்தது சரிதான், சிலந்தி விஷயத்தில். எட்டுக்கால் உயிர் என்பதால் அது கணக்குப்படி பூச்சியே கிடையாது என்று சொல்லி நான் தப்பிக்கலாம். வேண்டாம்.

சாறு உறிஞ்சும் பூச்சிக்கு என்று விற்கிற மருந்து எல்லாம் சிலந்திக்குக் கேட்காது. நனையும் கந்தகம் கேட்கும், டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் வேண்டாம். ஆனால் இதையும் வானிலை பார்த்துத்தான் அடிக்க வேண்டும். நல்ல வெயிலில், 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் கந்தகம் அடித்தால் இலை கருகும். நான் கருக்கியிருக்கிறேன். பங்குனி மாதம், மத்தியானம் 12 மணி, அவசரம்.

13 நவம்பர்

தீபாவளி முடிந்தது. பட்டாசுப் புகைக்கும் வெள்ளை ஈ சாகவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

"ஒரு நல்ல மழை அடித்தால் போய்விடும்" என்று வாய்க்கு வந்தபடி சொன்னேனே, அதை என் நோட்டில் இருக்கிற வெள்ளை ஈக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் வெண்டையில் 7 மஞ்சள் ஒட்டு அட்டை வைத்திருக்கிறேன். மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை அட்டையில் ஒட்டிய வெள்ளை ஈயை எண்ணி, சராசரி எழுதி, துடைத்து வைப்பேன். என் வீட்டுக்காரி இதற்கு "ஈ ஓட்டுகிற வேலை" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நவம்பர் 3ஆம் தேதி அட்டைக்கு 52. நான்காம் தேதி ராத்திரி காற்றோடு 38 மில்லிமீட்டர். ஆறாம் தேதி 11. சரி, மழை அடித்துவிட்டது என்று சந்தோஷம். பத்தாம் தேதி 26. அதற்கு நடுவில் மூன்று நாளும் தூறல், 2, 3, 4 மில்லிமீட்டர். இன்றைக்கு 57.

ஆக, கொட்டுகிற மழை வேறு, நசநசவென்று தூறுகிற மழை வேறு. தூறல் இலையின் முதுகைத்தான் நனைக்கும். ஈ உட்கார்ந்திருப்பது வயிற்றுப் பக்கம், அங்கே சொட்டு ஈரம் இல்லை. காற்றோடு அடிக்கிற மழையில் இலை புரளும், மண் தெறிக்கும், பறக்கிற ஈ கீழே விழுந்து நாசமாகும். தூறலைக் கண்டு மருந்தைத் தள்ளிப்போட்டால் இரண்டும் கெட்டது: ஈயும் இருக்கும், அடிக்கப் போனால் மருந்தும் நிற்காது.

14 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தேனிப் பக்கத்து நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "மழையில் நனைந்த அட்டையில் பசை பிடிக்காது. உங்கள் 11 பொய்."

நியாயம். அட்டை நனைந்து மண் தெறித்திருந்தது உண்மை. நல்லவேளை, அட்டையை மட்டும் நம்பாமல் 10 இலை புரட்டிக் குஞ்சுகளையும் எண்ணியிருந்தேன். மழைக்கு முன்னால் 31, பின்னால் 29. இதுதான் முக்கியமான எண். குஞ்சு முதலில் கொஞ்சம் ஊரும், அப்புறம் செதில் மாதிரி இலையோடு ஒட்டிக்கொண்டு நகராது. 38 மில்லிமீட்டர் மழை அதை ஒன்றும் செய்யவில்லை. பெரியவை செத்தன, பிள்ளைகள் தப்பித்தன, ஒரு வாரத்தில் அவை இறக்கை முளைத்து அட்டைக்கு வந்துவிட்டன. நேற்றைய 57 புதுசாக எங்கிருந்தும் வரவில்லை.

இனி "மழை பூச்சியைக் கழுவிவிடும்" என்று நான் சொன்னால் "எந்த வயசுப் பூச்சியை?" என்று கேளுங்கள்.

16 நவம்பர்

வெண்டை விலையைப் பற்றிப் பேச வேண்டாம்.

21 நவம்பர்

பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. வெளிச் சூடுதான் அதற்கு உடம்புச் சூடு. அதனால் அது வளர்வதை நாள் கணக்கில் சொல்வதே தப்பு, சூட்டுக் கணக்கில் சொல்ல வேண்டும்.

தக்காளி ஊசிப்புழுவை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காக்காரர். 2014இல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டது, அடுத்த வருடமே தமிழ்நாடு. இதன் முட்டை தாய்ப்பூச்சியாக 14 டிகிரியில் சுமார் 76 நாள், 27 டிகிரியில் 24 நாள். இதிலிருந்து ஒரு கணக்கு வரும். 8 டிகிரிக்குக் கீழே புழு வளர்வதே இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் ஒவ்வொரு நாளும் சேர்ந்து சுமார் 460 ஆக வேண்டும். 27இல் 8 கழித்தால் 19, 460ஐ 19ஆல் வகுத்தால் 24 நாள். பொருந்துகிறதா?

இங்கே இன்று 34 டிகிரி. 34இல் 8 போனால் 26. 460 வகுத்தல் 26, பதினெட்டு நாள். அதாவது கார்த்திகை முதல் தேதி வைத்த முட்டை மூன்றாவது வாரம் முடிவதற்குள் தாய்ப்பூச்சி.

22 நவம்பர்

தப்பு. கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகள் நேற்று ராத்திரியே போன் செய்து சிரித்தாள். "மாமா, ராத்திரியில் பூச்சிக்கு யார் ஹீட்டர் போட்டுக் கொடுப்பார்கள்?"

பகல் உச்சத்தை மட்டும் வைத்துப் போட்டுவிட்டேன். உச்சத்தையும் ராத்திரிக் குறைவையும் கூட்டிப் பாதி எடுக்க வேண்டும். 34ம் 22ம் சேர்ந்தால் பாதி 28. 28இல் 8 போனால் 20. 460 வகுத்தல் 20, 23 நாள். மார்கழியில் 29ம் 20ம் என்று வைத்தால் பாதி 24.5, கணக்கு 28 நாளுக்குப் போகும். மேலே கொடைக்கானலில் குளிர் நாள்களில் இரண்டு மாதத்துக்கு மேல்.

மே மாதத்துக்குப் போட்டால் 19 நாள் வரும். அதை நம்பாதீர்கள். ரொம்பச் சூடு ஏறினால் வேகம் கூடுவது நின்றுவிடும், முட்டையே பொரிக்காமல் போகும். கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்காது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று மாமா ஒருவர் கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர். பிரயோஜனம் இது: ஒரு போக தக்காளி நாலு மாதம். 28 நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் நாலு தலைமுறை, 23 நாள் என்றால் ஐந்து. ஐந்தாவது தலைமுறையில்தான் காய் பறிக்க ஆள் கூலி கட்டாமல் போகிறது. மூன்று டிகிரி நாலு டிகிரி வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது, கடைசி பறிப்பில் தெரியும்.

29 நவம்பர்

பாகல் பந்தல் கதை. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள் பாகல் காயெல்லாம் மஞ்சளாகிக் கோணிக்கொண்டது. வெட்டினால் உள்ளே நெளிகிறது, பழ ஈ. இது வருடா வருடம் மழைக்குப் பின்னால் வருகிற விருந்தாளி. காரணம் மண். புழு காயிலிருந்து குதித்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். மண் காய்ந்து கட்டி தட்டியிருந்தால் பாதி செத்துவிடும், ஈரம் பட்டு இளகினால் நிம்மதியாக இருந்து ஈயாக வெளியே வரும். முட்டை வைக்கவும் பிஞ்சு நிறைய இருக்கும். மழை, மண், பிஞ்சு, மூன்றும் ஒரே நேரம்.

கடையில் போய்ப் பழ ஈப் பொறி கேட்டேன், கொடுத்தார்கள். 8 பொறி தொங்கவிட்டேன். நாலு நாளில் பொறி நிறைய ஈ. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாகலில் சொத்தை மட்டும் குறையவே இல்லை.

பொறியில் இருந்த மருந்து மெத்தில் யூஜினால். அது மாம்பழ ஈயைக் கூப்பிடுகிற வாசனை. பாகல், பீர்க்கன், புடலைக்கு வருவது வேறு ஈ, அதற்குக் கியூலூர் வேண்டும். ஆக நான் பக்கத்து மாந்தோப்புக்காரருக்கு இலவச சேவை செய்துகொண்டிருந்தேன். அவர் ஒரு இளநீர்கூட வெட்டித் தரவில்லை.

இப்போது சொத்தைக் காயைப் பந்தலடியில் போடாமல் சாக்கில் கட்டி வெயிலில் வைக்கிறோம். மழை விட்ட நாளில் பந்தலடி மண்ணைக் கொத்திப் புரட்டுகிறோம், கூடு மேலே வந்தால் வெயிலும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

6 டிசம்பர்

சென்னை புயலில் மூழ்கிக் கிடக்கிறது. இங்கே அதன் வால்கூட இல்லை, வெறும் மந்தாரம், குளிர்காற்று, அவ்வப்போது தூறல். ஐந்து நாளாகத் துணி காயவில்லை.

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இன்று காலையில் பார்த்ததை எதிர்பார்க்கவில்லை.

காலிஃபிளவரில் புரொடினியா புழு. போன வாரம் குஞ்சு குஞ்சாக இலையைச் சல்லடை ஆக்கியிருந்தது. மருந்து கலக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, ஈரம் என்பதால் தள்ளிப்போட்டேன். இன்று போனால் பாதிப் புழு இலை மேலேயே விறைத்துக் கிடக்கிறது, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சிலதில் பச்சைப் பொடி. தொட்டால் ஒடிகிறது.

பூஞ்சாணம். நொமூரியா என்று பழைய பெயர், இப்போது மெட்டாரைசியம் ரிலேயி. குளிர்ச்சியும் காற்றில் ஈரமும் நாலைந்து நாள் சேர்ந்து நின்றால் இது புழுவுக்குள் முளைக்கும். வெயில் வந்தால் வித்து செத்துவிடும். ஆக, எந்த மந்தாரத்தைப் பூச்சி கொண்டுவருகிறது என்று திட்டினோமோ அதே மந்தாரம் இங்கே எனக்குக் கூலி இல்லாமல் மருந்து அடித்துக் கொடுத்திருக்கிறது.

கடையில் வாங்குகிற பிவேரியா, வெர்டிசீலியம் என்கிற பூஞ்சாணப் பொடிகளுக்கும் இதே சுபாவம்தான். "அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மொட்டை வெயிலில் அடித்தால் விபூதி அடித்த மாதிரிதான். மந்தாரத்தில், சாயங்காலம், இலையில் ஈரம் இருக்கும்போது அடித்துப் பாருங்கள்.

6 டிசம்பர், இரவு

இன்னொன்று உறுத்துகிறது. அடுத்த பாத்தித் தக்காளியிலும் அதே புரொடினியா, அதே மந்தாரம். அங்கே ஒரு புழுகூட வெள்ளையாகவில்லை, கொழுத்துப்போய் இருக்கிறது. கருகல் வரும் என்று பயந்து தக்காளிக்கு மட்டும் போன வாரம் பூஞ்சாணக்கொல்லி அடித்தேன். பூஞ்சாணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சாணம், கெட்ட பூஞ்சாணம் என்ற பேதம் தெரியுமா என்ன. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு பாத்தியை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

7 டிசம்பர்

"அப்படியானால் மந்தாரத்தில் ஒன்றுமே அடிக்க வேண்டாமா?" என்று மூன்று பேர். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? தம்பியின் மிளகாய் மந்தாரத்தில்தான் போனது. ஒரே மேகம், மிளகாயில் சிலந்தியை வளர்த்தது, காலிஃபிளவரில் புழுவைக் கொன்றது. அட்டவணை கேட்டவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

வானிலையோடு சேர்த்து வேளாண் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது, அதை நான் படிக்கத்தான் செய்கிறேன். மழை எப்போது, காற்று எந்தப் பக்கம், ஈரப்பதம் எவ்வளவு என்பதற்கு. உன் இலையின் அடியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது.

19 டிசம்பர்

தூத்துக்குடிப் பக்கம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். என் மழைமானி மொத்தம் பிடிப்பதே 20 சென்டிமீட்டர்தான். தாமிரபரணிக் கரையில் வாழை போட்ட உறவுக்காரர் போனில் பேசினார், பேச முடியவில்லை.

"வெள்ளத்தில் பூச்சியெல்லாம் செத்திருக்குமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்ணில் இருக்கிற கூட்டுப்புழு தேங்கிய தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகும், உண்மை. அதை அந்த ஊர்க்காரர்களிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

2 ஜனவரி 2024

மார்கழிப் பனி. வேலி அவரையில் அசுவினி ஏறிவிட்டது. கொழுந்தும் பூக்கொத்தும் கருப்பாக மொய்க்கிறது, கை வைத்தால் பிசுபிசுப்பு.

இதுவும் வானிலைக் கணக்குதான். குளிர்ச்சியும் மூட்டமும் அசுவினிக்கு உகந்த காலம். இதற்கு ஆணே தேவையில்லை, பெண்ணே பெண்ணைப் போடும், முட்டைகூட இல்லை, நேராகக் குட்டி. வயிற்றில் இருக்கிற குட்டியின் வயிற்றிலேயே அடுத்த குட்டி வளர ஆரம்பித்திருக்கும். இந்த வேகத்துக்கு எந்த மருந்து ஈடு கொடுக்கும்? பொறிவண்டு வரும், ஆனால் அது பத்துப் பதினைந்து நாள் பின்தங்கித்தான் வரும், குளிரில் அது இன்னும் மந்தம். அந்த இடைவெளியில்தான் நாம் பொறுமை இழந்து மருந்து அடித்து, வந்துகொண்டிருக்கிற பொறிவண்டையும் சேர்த்துக் கொல்கிறோம். நான் பல வருடம் இதைத்தான் செய்தேன்.

என் அம்மா விடியற்காலையில் அடுப்புச் சாம்பலை அவரை மேல் தூவுவார். பனி ஈரம் இருப்பதால் ஒட்டிக்கொள்ளும், பத்து மணிக்கு மேல் தூவினால் காற்றில் போய்விடும். கேட்குமா என்றால், வீட்டு வேலி நாலு கொடிக்குக் கேட்கும். அரை ஏக்கருக்கு அவ்வளவு சாம்பல் வேண்டுமானால் வீட்டையே கொளுத்த வேண்டும். இப்போது கேஸ் அடுப்பு வேறு.

முதலில் எறும்பைப் பாருங்கள். எறும்பு ஏறுகிற கொடியில் பொறிவண்டு நிற்காது, எறும்பு விரட்டிவிடும், அசுவினியின் இனிப்புக்காக.

26 ஜனவரி

நேற்று தைப்பூசம். ஒரு வாரமாகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் ரோட்டில். காவடி, மைக் செட், தண்ணீர்ப் பந்தல். மார்க்கெட்டுக்கு வண்டி போக ஒரு மணி நேரம்.

விளக்குப் பொறியில் நேற்று ராத்திரி 7 அந்துப்பூச்சி. 14ஆம் தேதி, மறுநாள் பொங்கல், அன்று 41. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொன்னேனே, அமாவாசைக்குத்தான் பூச்சி இறங்கும், பௌர்ணமிக்குப் போய்விடும்."

மாமா, பூச்சி எங்கும் போகவில்லை. மேலே அவ்வளவு பெரிய விளக்கு எரிகிறபோது என் 60 வாட் பல்பை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பௌர்ணமியில் விளக்குப் பொறியில் விழுவது பெரும்பாலும் குறையும். குறைந்தது பொறிக் கணக்கு. அதை வைத்து மருந்தை நிறுத்தினாலும் தப்பு, அமாவாசைக் கணக்கைப் பார்த்துப் பதறினாலும் தப்பு. பெண் பூச்சியின் வாசனை வைத்த இனக்கவர்ச்சிப் பொறியை ஒப்பிட்டுப் பார்த்தேன், அதில் 14ஆம் தேதி 9, நேற்று 8.

10 பிப்ரவரி

நேற்று தை அமாவாசை. விளக்குப் பொறியில் 38. இனக்கவர்ச்சிப் பொறியில் 8. மாமா சொன்ன மாதிரி பூச்சி அமாவாசைக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அவரே வந்து சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் மட்டும், முட்டை வைப்பது பெண் என்று போகும்போது ஒரு குத்து வேறு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

4 மார்ச்

ரோட்டோரக் கத்திரியில் செஞ்சிலந்தி. உள்பக்கக் கத்திரியில் இல்லை. ஒரே நாற்று, ஒரே தண்ணீர். வித்தியாசம் புழுதி. தைப்பூசத்துக்குப் பின்னால் மழையே இல்லை, ரோட்டோரம் பத்து வரிசை இலை மேல் மண் படிந்து கிடக்கிறது. புழுதி படிந்த இலையில் சிலந்தியைத் தின்கிற பூச்சிகளால் நன்றாக நடமாட முடியாது, செஞ்சிலந்திக்கு அது பாதுகாப்பு. இதுவே ஒரு நல்ல மழை பெய்திருந்தால் இலையும் கழுவியிருக்கும், சிலந்தியும் குறைந்திருக்கும்.

மழை இல்லை என்றால் நாமே மழை. விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை இலையின் அடியில் அடித்தேன், நாலு நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை. டீசல் செலவுதான். குறைந்திருக்கிறது. முட்டைக்கோஸில் வைர முதுகுப் பூச்சிக்கும் சாயங்காலம் தெளிப்புநீர் விட்டால் முட்டை வைப்பது குறையும், குஞ்சுப் புழுவும் தண்ணீரில் விழும். சொட்டுநீருக்கு மாறியபோது தண்ணீர் மிச்சம் என்று மட்டும் பார்த்தோம். மேலிருந்து விழுகிற தண்ணீர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இப்படிச் சொன்னால் சொட்டுநீரைப் பிடுங்கு என்று அர்த்தமில்லை. இலை ஈரமாகவே இருந்தால் நோய் வரும், அது வேறு தலைவலி.

கத்திரித் தண்டுத் துளைப்பானுக்கு இது எதுவும் செல்லாது. அது பொரித்த சில மணி நேரத்தில் தண்டுக்குள் போய்விடும், மேலே மழை பெய்தால் என்ன, இடி விழுந்தால் என்ன. தொங்குகிற நுனியைக் கிள்ளிப் புதைக்க வேண்டியதுதான்.

22 ஏப்ரல்

39 டிகிரி. எழுதத் தெம்பில்லை. வெண்டை முழுக்க மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பெருகியது மட்டும் காரணமில்லை, வேலியோரத் துத்தியை நான் பிடுங்காமல் விட்டதும்தான். ஈக்குத் துத்திதான் தங்கும் விடுதி. தேமல் வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கினேன்.

24 மே

கோடை மழை! நேற்று சாயங்காலம் 52 மில்லிமீட்டர், காற்றோடு.

நவம்பரில் செய்த கணக்கைத் திரும்பச் செய்ய வசதியாயிற்று. இந்தத் தடவை மிச்சம் இருக்கிற மிளகாயில். மழைக்கு முன்னால் காய்ந்த அட்டை, மழை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் புது அட்டை, தேனி நண்பர் கவனிக்க. இலைப்பேன், 10 கொழுந்து தட்டி எண்ணியது: முன்னால் 64, இன்று 9. இன்றைக்குச் சந்தோஷப்பட மாட்டேன். முட்டை இலைச் சதைக்குள் இருக்கிறது, கூட்டுப்புழு மண்ணில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் பேசுவோம்.

1 ஜூன்

9இலிருந்து 23. நடுவில் மழை இல்லை. 64க்குப் போகவில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான் நடக்கிறது. இன்றைக்கு வேப்பங்கொட்டைச் சாறு ஒரு தடவை, சாயங்காலம். மழை பெரியவற்றைக் குறைத்துக் கொடுத்த நேரத்தில் அடித்தால் குறைந்த மருந்தில் முடியும் என்று ஒரு கணிப்பு. மருந்தை மழைக்கு முன்னால் அடித்துப் பழகிய கை, மழைக்குப் பின்னால் ஒன்பது நாள் காத்திருந்து அடிக்கிறது. சரியா தப்பா, பத்து நாளில் தெரியும்.

9 ஜூன்

முதல் கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். புது மிளகாய், 45 நாள். பத்து மடங்கு லென்ஸ் வாங்கிவிட்டாராம். மழைமானிக்குக் குளிர்பான பாட்டிலை வெட்டி வைத்திருக்கிறாராம், படம் போட்டிருக்கிறார்.

பாட்டில் அடிப்பக்கம் குழிகுழியாக இருக்கிறது தம்பி, அப்படியே அளந்தால் கணக்கு தப்பும். அடியில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, குழி மறைகிற வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு போடு. அதற்கு மேல் பக்கவாட்டு நேராக இருக்கிற பகுதியில் ஸ்கேல் ஒட்டு. வாயும் உடம்பும் ஒரே அகலமாக இருந்தால் ஏறுகிற உயரமே மழை அளவு.

இலைப் படம் பார்த்தேன். இந்தத் தடவை மேல்நோக்கிச் சுருட்டல், படகு. பேன்தான், நீயே சரியாகச் சொல்லியிருக்கிறாய். ஒன்று மட்டும் விட்டுவிட்டாய்: பூவைத் தட்டிப் பார்க்கவில்லை. 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை அழித்த கருப்புப் பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். பூவுக்குள் இருப்பதை மழை அவ்வளவு சுலபமாக எட்டாது, நான் மேலே எழுதிய 64, 9 கணக்கு அதற்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு வெள்ளைத் தாளை வைத்து, காலையில், பத்துப் பூ. எத்தனை விழுந்தது, என்ன நிறம் என்று எழுது. நேற்று உன் பாட்டிலில் எவ்வளவு மழை?